ஃபைஃபாக்ஸ் செயலி: ஒரு டியூஷன் டீச்சரின் மதிப்பீடு

ஒன்பதாம் வகுப்பு ‘இயக்கம்’ பாடத்துக்கோ பதினொன்றாம் வகுப்பு இயக்கவியலுக்கோ பிள்ளைக்கு ஏதாவது கருவி வாங்கித் தரலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில் ஒன்றுதான்: பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் செல்போனில் ஃபைஃபாக்ஸை இறக்கிக் கொடுங்கள். ஜெர்மனியில் ஆஹன் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல்காரர்கள் உருவாக்கி 2016-ல் வெளியிட்ட செயலி இது. இலவசம். விளம்பரம் வராது, மின்னஞ்சல் கேட்டு நச்சரிக்காது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். போனுக்குள் ஏற்கெனவே முடுக்கமானி (முடுக்கத்தை அளப்பது), கைரோஸ்கோப் (சுழற்சியை அளப்பது), மைக், ஜிபிஎஸ் எல்லாம் இருக்கின்றன அல்லவா, அவற்றின் எண்களை அப்படியே எடுத்து வரைபடமாகப் போட்டுக் காட்டும். அவ்வளவுதான் இதன் வேலை.

நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடத் தெரியாமல் இல்லை. ‘வி ஈக்வல் டு யூ ப்ளஸ் ஏடி’ என்று ஆரம்பித்தால் மூன்று சமன்பாட்டையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அங்கே முடுக்கம் எவ்வளவு என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் “பூஜ்ஜியம் மிஸ்” என்கிறது. வருஷா வருஷம் இதே தப்பான பதில். இந்த ஒரு பதிலை மாற்றுவதற்கு இந்தச் செயலி எவ்வளவு உதவுகிறது என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுகிறேன்.

ஜிபிஎஸ்ஸில் தொடங்குவது சுலபம். ‘லொகேஷன்’ பகுதியைத் திறந்து, ஓட விட்டு, போனைக் கையில் பிடித்தபடி நடந்தால் போதும். எங்களுக்குச் சித்திரை வீதிகள் வாய்த்திருக்கின்றன. கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் அகலமான, பெரும்பாலும் நேரான தெருக்கள். கீழச் சித்திரை வீதியில் தொடங்கி வலமாக வந்தால் முதலில் தெற்கு நோக்கி நடக்கிறோம். திசைக்கான வரைபடம் 180 பாகையை ஒட்டி நிற்கும். தெற்குச் சித்திரை வீதியில் திரும்பியதும் 270-க்கு ஏறிவிடும். மேலச் சித்திரை வீதியில் வடக்கே நடக்கும்போதுதான் வேடிக்கை. வடக்கு என்பது 0 பாகை, 360-ம் அதுவேதான். நாம் லேசாக அப்படி இப்படித் தள்ளி நடந்தாலே கோடு மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் மாறி மாறித் தாவி, குழந்தை கிறுக்கியது மாதிரி ஆகிவிடும். “போன் ரிப்பேர் ஆயிடுச்சு மிஸ்” என்று ஒருத்தன் அலறினான். பக்கத்தில் நின்ற பெண் யோசித்துவிட்டு, “டேய், 359-ம் 1-ம் பக்கத்துப் பக்கத்துத் திசைடா” என்றாள். வடக்குச் சித்திரை வீதியில் கிழக்கே திரும்பியதும் கோடு சமர்த்தாக 90-க்கு வந்து உட்கார்ந்தது.

இத்தனை கூத்து நடக்கும்போதும் வேகத்துக்கான வரைபடம் நொடிக்கு ஒன்று முதல் ஒண்ணேகால் மீட்டர் என்ற இடத்தை விட்டு அதிகம் நகரவே இல்லை. ஒரே வேகம், நாலு திசைவேகம் (திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்). தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டதால் இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம், ஆகவே சராசரித் திசைவேகமும் பூஜ்ஜியம். கால் வலிப்பது மட்டும் தூரத்தின் கணக்கு. இதைப் பலகையில் செவ்வகம் வரைந்து பல வருஷம் சொல்லியிருக்கிறேன். நடந்துவிட்டு வந்தவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை. (தேரோட்டச் சமயத்தில் போகாதீர்கள். வேகம், திசை இரண்டும் ஜனக்கூட்டத்தின் கையில் இருக்கும்.)

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தப் பகுதியில் ‘வெலாசிட்டி’ என்ற தலைப்பில் வருவது திசைவேகத்தின் அளவு மட்டும்தான். திசை தனி வரைபடத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முழுத் திசைவேகம். அதனால் போன வழியே திரும்பி வந்தாலும் அந்தக் கோடு எதிர்க்குறிக்குப் போகாது, திசைதான் 180 பாகை மாறும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் பையன் தனியாகப் பார்த்தால் குழம்புவான்.

அப்புறம், ஜிபிஎஸ் பொதுவாக நொடிக்கு ஒரு முறைதான் எண் தரும். நடை, சைக்கிள், பஸ்ஸுக்கு அது போதும். கீழே விழும் சில்லறைக்குப் போதாது. சும்மா நின்றால்கூட இடம் கொஞ்சம் அலையும். அதைப் பார்த்துவிட்டு வேகத்தையும் நம்பாமல் விட்டுவிட வேண்டாம். பெரும்பாலான ஜிபிஎஸ் சில்லுகள் வேகத்தை இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை வகுத்துக் கண்டுபிடிப்பதில்லை. செயற்கைக்கோள் அலையின் அதிர்வெண் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதிலிருந்து, அதாவது டாப்ளர் விளைவிலிருந்து எடுக்கின்றன. அதனால் இடத்தைவிட வேகம் நம்பகமாகவே வரும். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தவர் கையில் போனைக் கொடுத்துப் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் 40 காட்டும்போது செயலி 10.3 என்று சொல்லும். 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 37 கி.மீ. வண்டியின் ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது வழக்கம்தான். ‘மீட்டர் பர் செகண்டை எப்படி மாற்றுவது, 5/18-ஆ 18/5-ஆ’ என்ற பழைய தடுமாற்றமும் இதில் போய்விடுகிறது, ஏனென்றால் 10.3-ஐ 3.6-ஆல் வகுத்தால் மணிக்கு மூன்று கி.மீ.கூட வராது, அந்த வேகத்தில் ஸ்கூட்டர் நிற்கவே திணறும்.

ஒலி நிறுத்துக்கடிகாரம் ஒன்பதாம் வகுப்புக்கு ஏற்ற பகுதி. ஒரு சத்தம் கேட்டதும் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். மேசை விளிம்பில் ஒரு மர ஸ்கேலை வெளியே நீட்டி வைத்து, நீட்டிய பகுதியின் மேல் ஐந்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். ஸ்கேலைப் பக்கவாட்டில் ‘டக்’ என்று தட்டினால் ஸ்கேல் விலகிவிடும், நாணயம் நேரே கீழே விழும். தட்டிய சத்தம் முதல் சத்தம், தரையில் விழுந்த சத்தம் இரண்டாவது. மேசை 75 செ.மீ. உயரம் என்றால் 0.39 நொடி வர வேண்டும். ஒரு நூறில் ஒரு பங்கு நொடி தவறினாலே புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதில் 9.4 என்று வந்து நிற்கும், அதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

நான் இதைப் புவியீர்ப்பைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துவதைவிடச் சராசரி வேகத்துக்குத்தான் பயன்படுத்துகிறேன். 0.75-ஐ 0.39-ஆல் வகுத்தால் நொடிக்கு 1.9 மீட்டர். “அப்ப தரையைத் தொடும்போது 1.9 வேகத்தில் வந்துச்சா?” என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். ஓய்விலிருந்து சீராக வேகம் கூடினால் கடைசி வேகம் சராசரியைப் போல இரண்டு மடங்கு, அதாவது 3.8. இந்த இரண்டு எண்ணையும் ஒரே பலகையில் எழுதிவிட்டால் ‘தூரம் வகுத்தல் நேரம்’ என்ற சூத்திரம் எந்த வேகத்தைத் தருகிறது என்பது தெளிந்துவிடும்.

எங்கள் தெருவில் இந்தப் பகுதிக்கு ஒரு பிரச்சினை: குக்கர் விசில், ஆட்டோ ஹாரன், காக்காய் எல்லாம் கடிகாரத்தை ஓட்டிவிடும். எவ்வளவு சத்தத்துக்கு மேல் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதைச் செயலியிலேயே கூட்டிக்கொள்ளலாம். மத்தியானம் இரண்டு மணிக்கு வைத்துக்கொண்டால் அந்தச் சிரமமும் இல்லை.

பதினொன்றாம் வகுப்புக்கு என் செல்லப் பரிசோதனை பைப். பிளம்பர் வேலை செய்த வீட்டில் மிச்சமாகக் கிடக்கும் நாலு இன்ச் பிவிசி பைப்பில் ஒரு முழம் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வெளிவிட்டம் 110 மி.மீ., ஆக ஆரம் 5.5 செ.மீ. போனைப் பழைய துணியில் சுற்றி, நடுவில் ஆடாமல் இருக்கும்படி அடைத்து உருட்டினால் கைரோஸ்கோப் கோணத் திசைவேகத்தை, அதாவது எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பதைச் சொல்லும். அதை ஆரத்தால் பெருக்கினால் பைப் நகரும் திசைவேகம். இந்தப் பெருக்கலையே செய்து தரும் ‘ரோல்’ என்ற பகுதியும் இருக்கிறது, ஆரத்தைக் கொடுத்தால் போதும். நான் கைரோஸ்கோப்பின் மூல எண்களையே பார்க்கச் சொல்வேன், காரணம் அதில் குறி அப்படியே தெரியும்.

பலகையைச் சாய்த்து வைத்து, பைப்பைக் கீழிருந்து மேலே தள்ளி விடுங்கள். ஏறும், நிற்கும், திரும்பி இறங்கும். வரைபடத்தில் என்ன வருகிறது தெரியுமா? ஒரே சாய்கோடு. நேர்க்குறியில் தொடங்கி, சீராக இறங்கி, பூஜ்ஜியத்தைக் கடந்து, அதே சாய்வில் எதிர்க்குறிக்குப் போகிறது. பூஜ்ஜியத்தைத் தொடும் இடத்தில் கோடு வளையவே இல்லை, ஒரு சின்னத் தட்டைகூட இல்லை. விரலால் அழுத்தி இழுத்தால் இரண்டு புள்ளிக்கு நடுவிலுள்ள சாய்வைச் செயலியே சொல்லும். இந்தச் சாய்வுதான் முடுக்கத்தைக் காட்டுவது. உச்சிக்கு முன்பும் பின்பும் அதைப் பார்க்கச் சொன்னேன். கிட்டத்தட்ட ஒரே எண். “அப்ப நிக்கிற இடத்திலயும் முடுக்கம் இருக்கு” என்று பின் பெஞ்சிலிருந்து முனகல் வந்தது. எறிந்த பந்துக்கும் இதுதான் கதை என்று நான் சொல்வதற்கு முன்பே இன்னொருத்தி சொல்லிவிட்டாள்.

கலிலியோ சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி, ஓடிய தூரம் நேரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்று கண்டுபிடித்தபோது நேரத்தைப் பாத்திரத்திலிருந்து ஒழுகிய தண்ணீரை எடை போட்டு அளந்தார். நம் பிள்ளைகளிடம் நொடிக்கு நூறு முறைக்கும் மேல் அளக்கும் கருவி சட்டைப் பையில் இருக்கிறது. அதில் ரீல்ஸ்தான் ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

இப்போது லிஃப்ட். இந்தச் செயலியில் ஒரே ஒரு பரிசோதனைதான் செய்ய முடியும் என்றால் நான் ‘எலிவேட்டர்’ பகுதியைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் இதற்குப் போனில் காற்றழுத்தமானி இருக்க வேண்டும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் அது இருக்காது. என் போனில் இல்லை, மாணவி ஒருத்தியின் அக்கா போனில் இருந்தது. தில்லைநகரில் அவர்கள் சித்தி குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் போய், லிஃப்டின் தரையில் போனைப் படுக்க வைத்தோம். வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, “என்னம்மா, போன் விழுந்திடுச்சா?” என்றார். “இல்லண்ணே, பாடம்” என்றோம். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், மீட்டருக்கு ஏறக்குறைய 12 பாஸ்கல். ஒரு மாடிக்கு 35 பாஸ்கல் வரும். இதை வைத்து உயரத்தையும், உயரம் மாறும் விதத்திலிருந்து திசைவேகத்தையும் செயலி கணக்கிடுகிறது. முடுக்கம் முடுக்கமானியிலிருந்து வருகிறது. மூன்று வரைபடமும் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே நேர அச்சில் வருகின்றன. இந்த அடுக்குதான் பாடப் புத்தகத்தில் தனித்தனிப் படங்களாகப் பார்க்கும்போது கிடைக்காதது.

மேலே ஏறும்போது: முடுக்கத்தில் ஒரு மேடு, பிறகு சமதளம், நிற்கப்போகும்போது ஒரு பள்ளம். திசைவேகம் அந்த மேட்டில் ஏறி, சமதளம் முழுவதும் நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கீழே மட்டமாக ஓடி, பள்ளத்தில் பூஜ்ஜியத்துக்கு இறங்குகிறது. உயரம் சாய்வாக ஏறுகிறது. இது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். கீழே இறங்கும் பயணத்தில்தான் சண்டை வந்தது. திசைவேகம் எதிர்க்குறியில் இருக்கிறது, சரி. முதலில் பள்ளம், சரி. கடைசியில் தரைத்தளத்தில் நிற்கும்போது முடுக்கத்தில் மேடு வருகிறதே, அது ஏன்? “லிஃப்ட் கீழதானே போவுது, அப்புறம் எப்படி முடுக்கம் மேல்நோக்கி?” என்று கேட்டாள் போனுக்குச் சொந்தக்காரியின் தங்கை. திசைவேகம் கழித்தல் ஒன்றிலிருந்து பூஜ்ஜியத்துக்குப் போவது கூடுவதா குறைவதா என்று திருப்பிக் கேட்டேன். விரல் விட்டு எண்ணிவிட்டு, “கூடுது” என்றாள். அப்புறம் தன் காலைப் பார்த்தாள். நிற்கும் அந்த நொடியில் பாதம் தரையில் அழுந்துகிறது, மேலே கிளம்பும்போது அழுந்திய மாதிரியே. வரைபடத்தில் இரண்டு இடத்திலும் அதே மேடு.

‘எதிர் முடுக்கம் என்றால் வேகம் குறைவது’ என்று ஒன்பதாம் வகுப்பில் படித்து வந்து அதையே பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த ஒரு படம் போதும். இங்கே முடுக்கம் நேர்க்குறி, வேகம் குறைகிறது. முடுக்கத்தின் குறி தனியாக எதையும் சொல்லாது. திசைவேகத்தின் குறியோடு சேர்த்து வைத்தால்தான் வண்டி விரைகிறதா, நிற்கப் போகிறதா என்று சொல்ல முடியும். காற்றழுத்தத்தில் வரும் திசைவேகக் கோடு கொஞ்சம் நடுக்கத்தோடும் தாமதத்தோடும் வரும். லிஃப்டுக்குள் விசிறி ஓடினால் இன்னும் கொஞ்சம் நடுங்கும். வடிவம் மாறாது.

ஆர்வமுள்ள பையன்கள் சீக்கிரமே ஒரு கேள்வியோடு வருவார்கள்: “மிஸ், முடுக்கத்தை நேரத்தால பெருக்கிக் கூட்டிக்கிட்டே போனா திசைவேகம் வந்துடும்ல? எதுக்கு ஜிபிஎஸ்?” நல்ல கேள்வி. முடுக்க வரைபடத்தின் பரப்புதான் திசைவேக மாற்றம், தத்துவத்தில் பிழையே இல்லை. ஆனால் போன் உணரி 0.05 அளவுக்கு எப்போதும் கூட்டிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நொடியில் திசைவேகத்தில் நொடிக்கு ஒரு மீட்டர் பிழை சேர்ந்துவிடும், இடப்பெயர்ச்சியில் பத்து மீட்டர். மேசை மேல் கிடக்கும் போன் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டதாகக் கணக்கு சொல்லும். தரவை எக்செல் கோப்பாக வெளியே எடுக்கலாம் என்பதால் இதைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கலாம்.

இதே முடுக்கமானியைக் காவிரிப் பாலத்தில் பஸ் சீராக ஓடும்போது பாருங்கள். எஞ்சின் அதிர்வைக் கழித்துவிட்டால் அது காட்டுவதும் வீட்டு மேசையில் காட்டுவதும் ஒன்றுதான். சீரான திசைவேகத்தை உள்ளே இருக்கும் முடுக்கமானியால் கண்டுபிடிக்கவே முடியாது. பிரேக் போட்டால் மட்டும் விழித்துக்கொள்ளும். இன்னொரு சிக்கல்: ‘ஜி உடன்’ (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) என்ற முடுக்கப் பகுதியில் சும்மா கிடக்கும் போன் 9.8 என்று காட்டும். முதல் நாளே அதைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் பயந்துபோவார்கள். ‘ஜி இல்லாமல்’ என்பதில் தொடங்குவது நல்லது.

வகுப்பில் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய வசதிகள் இரண்டு. போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்தால், செயலி தரும் முகவரியை பிரவுசரில் அடித்து, லேப்டாப் திரையிலேயே வரைபடத்தைப் பார்க்கலாம், அங்கிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் செய்யலாம். பைப்புக்குள் மாட்டிக்கொண்ட போனுக்கு இது ரொம்ப உதவி. வைஃபை இல்லாத இடத்தில் இத்தனை நொடி கழித்துத் தொடங்கு, இத்தனை நொடி ஓடு என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை இதோடு தனியாக விட்டுவிட்டால் பட்டியலில் இருக்கும் எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு மூடிவிடும். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து, “வரைபடம் எப்படி வரும்னு முதல்ல காகிதத்துல வரைஞ்சு காட்டு, அப்புறம் ஓட்டு” என்று சொல்ல வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அந்தக் கண்காணிப்புகூடத் தேவையில்லை, எனக்கே தெரியாத பரிசோதனைகளை அவர்கள் கொண்டு வருகிறார்கள்.

படிப்புக்காகவே பழைய போன் ஒன்று வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே செயலியை இறக்கித் திறந்து பாருங்கள். போனில் இல்லாத உணரிகளுக்கான பரிசோதனைகள் பட்டியலில் மங்கலாகத் தெரியும். கைரோஸ்கோப் மங்கலாக இருந்தால் பைப் பரிசோதனை கிடையாது. அழுத்தம் மங்கலாக இருந்தால் லிஃப்ட் கிடையாது. பக்கத்து வீட்டில் கடன் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.